உடைந்த போல்ட்டும் டிரைவர் கூலியும்

(விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



பழைய டிராக்டர் ஒன்று நடுவயலில் இடுப்பு விட்டு நின்றுவிட்டால், முதலில் கிளம்பும் கேள்வி என்ன? "எவன் ஓட்டினான்?" என்பதுதான். எந்த போல்ட் எப்போது தளர்ந்தது, அதற்குமுன் யார் மாற்றியது, என்ன சரக்கைப் போட்டார்கள் என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. ஓட்டியவன் கூலியில் கை வைக்கிறார்கள். அதனால்தான் இன்று இந்த போல்ட், ஸ்டட் விஷயத்தையே எடுத்துக்கொண்டோம்.

இது பிட்டர் வேலையாயிற்றே, இதை நமது வகுப்பில் பேசுவானேன் என்று சில தோழர்கள் நினைக்கலாம். மில்லிலிருந்து வந்திருப்பவர்களுக்கு மரையும் நட்டும் அத்துப்படி; டிராக்டரை அடியில் படுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நிலத்திலிருந்து வந்திருப்பவர்களோ டிராக்டரோடேயே வாழ்கிறார்கள். ஆனால் மரையின் கணக்கை அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும்போது பேசாமல் வேறெப்போது பேசுவது?

லாரிக்கு சேஸிஸ் உண்டு. நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள். அவற்றின்மேல் இஞ்சின், கியர் பெட்டி எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. மாட்டு வண்டிக்குக்கூடப் போல்மரம் இருக்கிறது. பெரும்பாலான பழைய டிராக்டர்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. முன்னால் இஞ்சின், நடுவில் கிளட்சும் கியரும் இருக்கும் கூடு, பின்னால் அச்சுக்கூடு. இந்த வார்ப்பிரும்புக் கூடுகளை முகத்தோடு முகம் வைத்து ஸ்டட்டும் போல்ட்டும் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கூடுகளேதான் வண்டியின் முதுகெலும்பு. போல்ட்டுகளை எடுத்துவிட்டால் டிராக்டர் என்று ஒன்று இல்லை. தனித்தனி இரும்புப் பாறைகள்தாம் மிஞ்சும்.

இந்த முறையைப் பெருவாரியான உற்பத்திக்குக் கொண்டுவந்தது 1917-ல் அமெரிக்காவில் வெளிவந்த போர்ட்ஸன் டிராக்டர். சட்டம் மிச்சம், இரும்பு மிச்சம், விலை குறைவு. அதே போர்ட்ஸனை மாதிரியாக வைத்துக்கொண்டு 1924-ல் லெனின்கிராடின் புதிலோவ் தொழிற்சாலையில் சோவியத் தொழிலாளர்கள் டிராக்டர் கட்டினார்கள். பிறகு இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை பெர்குசன் டி.இ.20 வந்தது, ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதன் வம்சத்தில் வந்ததுதான் மாஸ்ஸி பெர்குசன் 35. சென்னையில் 1960-ல் ஏற்பட்ட டாபே கம்பெனி அந்தக் குடும்பத்து வண்டிகளை நம் நாட்டிலேயே கட்டிற்று. அவற்றில் பல, வர்ணம் போய், ஹாரன் போய், இன்றும் சேற்றில் உழுதுகொண்டிருக்கின்றன. கட்டுமானம் நல்ல கட்டுமானமே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது நிற்பது போல்ட்டின் பிடியில்.

பிடி என்றால் என்ன? இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். போல்ட் ஓர் ஆணியைப்போலக் குறுக்கே நின்று பாரத்தைத் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. கட்டிட வேலையில் செங்கல் அடுக்கும் தோழரைப் பாருங்கள். ஐந்தாறு செங்கல்லைப் பக்கவாட்டில் வரிசையாக வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் இரு முனையையும் அழுத்தி, அப்படியே தூக்குகிறார். நடுவிலுள்ள கல்லை ஒரு விரலும் தொடவில்லை, அது விழுவதுமில்லை. அழுத்தம்தான் பிடித்திருக்கிறது. கை கொஞ்சம் தளர்ந்தால் நடுக்கல் முதலில் நழுவும். டிராக்டர் கூடுகளும் இதேதான். போல்ட் முறுக்கப்படும்போது மயிரிழை அளவு நீளுகிறது. நீண்ட ஸ்பிரிங்போல இரு கூடுகளையும் இழுத்து அழுத்துகிறது. அந்த அழுத்தம் இருக்கும்வரை முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நகராது. போல்ட்டுக்கும் பெரிய ஏற்ற இறக்கம் தெரியாது.

தளர்ந்தால் என்ன ஆகிறது? வண்டி சும்மா நிற்கும்போது முன் அச்சும் பின் அச்சும் இரு முனையில் தாங்க, நடு உடல் கீழ்ப்பக்கம் விரியப் பார்க்கிறது. கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டி முன்சக்கரம் தூக்கினால், இப்போது மேல்பக்கம் விரியப் பார்க்கிறது. கேஜ் வீல் போட்டுச் சேற்றில் அடித்தால் நிமிஷத்துக்கு எத்தனையோ உதறல். கரும்பு டிரெய்லரில் ஏற்ற வேண்டியதற்கு மேல் ஏற்றி, பள்ளத்தில் பிரேக் போட்டால் பின்னாலிருந்து ஒரு முட்டு. மேலும் கீழுமாக இப்படி மாறி மாறி வளைத்தால் கம்பி என்ன ஆகும் என்பது வேலிக்கம்பியைக் கையால் ஒடித்த எவனுக்கும் தெரியும். வெட்டாமலேயே அது ஒடியும்.

ஒடிவதற்குமுன் அது அறிவிக்காமல் இருப்பதில்லை. இரண்டு கூடுகள் சேரும் கோட்டில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கும். அந்தக் கோட்டிலோ நட்டின் அடியிலோ காவி நிறத்தில் மாவுபோல ஒன்று வெளிவரும். இரும்பு முகங்கள் உரசி அரைத்த பொடி அது. பழைய வர்ணம் அந்த இடத்தில் மட்டும் மயிர்க்கோடாக வெடித்திருக்கும். கிளட்ச் காரணமில்லாமல் உதறத் தொடங்கும். ரயில்வேயில் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார்களே, அதுபோல ஒவ்வொரு நட்டாகச் சிறு சுத்தியால் தட்டிப் பாருங்கள். இறுகியது கணீரென்னும், தளர்ந்தது மொத்தென்று சொல்லும். உழவுக்குப் போகுமுன் இதற்கு ஐந்து நிமிஷம் போதும். நாற்று நடப் போகும் பெண்களை அந்த டிரெய்லரில்தான் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதை நினைத்தால் ஐந்து நிமிஷம் பெரிதில்லை.

இனி வேலைக்கு வருவோம். எல்லா ஸ்டட்டையும் மாற்ற வேண்டுமானால் வண்டியைப் பிளக்கத்தான் வேண்டும். இந்த இடத்தில் அவசரம் காட்டுகிறவன் காலை இழக்கிறான், உயிரையும் இழக்கிறான். "மரத்தடியில் நிறுத்தி, நாலு செங்கல்லை முட்டுக்கொடுத்துக் கழற்று, மத்தியானத்துக்குள் முடித்துவிடு" என்று வண்டிக்காரர் சொல்வார். சொல்பவர் அடியில் படுக்கப் போவதில்லை.

தரை கெட்டியாக, மட்டமாக இருக்க வேண்டும். பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். அடுத்தது, பலருக்கும் தெரியாத ஒன்று: முன் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் தொங்குகிறது. மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்பொருட்டு அப்படிச் செய்திருக்கிறார்கள். முழு வண்டியாக இருக்கும்வரை பின்சக்கரங்கள் அதை நிமிர்த்திப் பிடிக்கும். பிளந்த கணத்தில், இஞ்சின் அந்த முளைமேல் பக்கவாட்டில் சாயும், தடுக்க ஆளில்லை. ஆகவே போல்ட்டில் ஸ்பானர் வைக்கும் முன்பே, முன் அச்சுக்கும் அதைத் தாங்கும் வார்ப்புக்கும் இடையில் இரு பக்கமும் கெட்டி மரத்தில் ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். ஆப்பில்லாமல் எந்தத் தோழரும் இந்த வேலையைத் தொடக் கூடாது. கூலி போனாலும் போகட்டும்.

இஞ்சின் பக்கம் ஒரு தாங்கல், கியர் கூட்டின் அடியில் ஒரு தாங்கல். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கல்ல. தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டோ ரயில்கட்டையோதான் பாரத்தை ஏற்க வேண்டும். செங்கல், காலிக் கல், பெயிண்ட் டப்பா ஒன்றும் உதவாது. செங்கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

பிளந்ததும் கிளட்ச் பக்கம் கறுப்புத் தூள் அப்பியிருக்கும். பழைய வண்டிகளின் கிளட்ச் தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதை வாயால் ஊதுவதோ காற்றுக்குழாயால் அடிப்பதோ கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைப் பைக்குள் கட்டிப் போட்டுவிட வேண்டும். பஞ்சுத்தூசி நெஞ்சில் என்ன செய்யும் என்பதை மில் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தூள் அதைவிடக் கொடியது.

ஸ்டட்டைக் கழற்றும் விதம் பிட்டர் தோழர்களுக்குத் தெரிந்ததே. இரண்டு நட்டை அடுத்தடுத்துப் போட்டு ஒன்றோடொன்று பூட்டி, அடி நட்டைத் திருப்பினால் ஸ்டட் வெளியே வரும். துருப்பிடித்து வராவிட்டால் முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்; இல்லையென்றால் டீசலும் கொஞ்சம் கை கொடுக்கும். முனையில் சுத்தியால் நாலு தட்டு. முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் உள்ளே ஒடிந்துபோகும். ஒடிந்த துண்டு முகத்துக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் தலையில் நட்டு ஒன்றை வைத்து வெல்டிங் செய்து, சூடு ஆறிய பிறகு திருப்பலாம். அந்தச் சூடே துருவை விடுவித்துவிடும். உள்ளேயே ஒடிந்திருந்தால் சரியான நடுவில் புள்ளி அடித்து, சிறு டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். நடு விலகினால் டிரில் இளகிய வார்ப்பிரும்புக்குள் ஓடிவிடும். கூட்டின் மரை போய்விடும். அப்படிப் போன மரையில் தகரத்துண்டைச் சுற்றி போல்ட்டைத் திணிப்பது சில பட்டறைகளின் வழக்கம். அது மரியாதையான வேலையல்ல. துளையைப் பெரிதாக்கி எஃகுக் கம்பிச்சுருள் மரை வைத்தால் புதிது போலவே பிடிக்கும், சாமானும் கிடைக்கிறது.

இப்போது நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கழற்றிய ஸ்டட்டையும் ஒடிந்த துண்டையும் குப்பையில் போடாதீர்கள். ஒடிந்த முகத்தைப் பாருங்கள்.

ஒரே அடியில், அளவு மீறிய பாரத்தால் ஒடிந்தது என்றால், முகம் முழுவதும் ஒரே நிறமாக, சாம்பல் மணல்போலப் புதிதாக இருக்கும். பக்கத்தில் கம்பி இழுபட்டுக் கழுத்து மெலிந்திருப்பதும் உண்டு. நாள்பட வெடித்து ஒடிந்தது வேறு மாதிரி. ஓர் ஓரத்தில் தொடங்கி, வழவழப்பாக, குளத்தில் நீர் வற்ற வற்றக் கரையில் கோடு விழுவதுபோல வரிவரியாகக் கோடுகள் இருக்கும். அந்தப் பகுதி கறுத்தோ துருவேறியோ இருக்கும். மிச்சமிருக்கும் சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக மின்னும். மின்னுவது இன்று ஒடிந்தது. கறுத்தது நேற்றல்ல, எத்தனையோ நாட்களுக்கு முன்பே வெடித்தது. எண்ணெயும் ஈரமும் உள்ளே போய் நிறம் மாற நாள் பிடிக்கும் அல்லவா?

ஒரு கிராமத்தில் இப்படி ஒரு வழக்கு நம்மிடம் வந்தது. டிரைவர் வேகமாகக் கிளட்சை விட்டதால்தான் வண்டி பிளந்தது என்று வண்டிக்காரர் சொன்னார். இரண்டு மாதக் கூலியைப் பிடிக்கப் போவதாகவும் சொன்னார். பேச்சுக்குப் போனபோது ஒரு பிட்டர் தோழரையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் வாதாடவில்லை. ஏழு ஸ்டட்டைக் கழுவி, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். நாலில் முக்கால் முகம் கறுத்திருந்தது. ஒன்று ஸ்டட்டே அல்ல. கேட்டுக் கதவுக்குப் போடும் சாதா போல்ட், தலையில் ஒரு குறியும் இல்லை. ஒன்றின் மரையில் தகரம் சுற்றியிருந்தது. மிச்சம் ஒன்றுதான் புதிதாக ஒடிந்தது. "ஏழு பேர் தூக்க வேண்டிய பாரத்தை இவன் ஒருவனே தூக்கியிருக்கிறான்" என்றார் பிட்டர். வண்டிக்காரர் வெகுநேரம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்தம் நின்றது, முழுதாக அல்ல, ஒரு வாரக் கூலியை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அந்த ஒரு வாரமும் நியாயமல்ல என்றே நாம் கருதுகிறோம்.

மில் தோழர்களுக்கு இதன் அருமை தெரியும். 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், நஷ்டத்துக்காகக் கூலியில் பிடிக்குமுன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும், நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று வகுத்தது. அந்த விதியைக் காட்டி வாதாடிய அனுபவம் ஆலைச் சங்கங்களுக்கு உண்டு. வயலில் வேலை செய்பவனுக்கு எழுத்தும் இல்லை, விசாரணையும் இல்லை; களத்துமேட்டில் வாய்ப்பேச்சுதான். அங்கே கையில் காட்ட ஒரு பொருள் இருந்தால் பேச்சே மாறிவிடுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு; அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. எல்லா ஸ்டட்டும் புதிதாக ஒடிந்திருந்து, வரியும் இல்லை, கறுப்பும் இல்லை என்றால், வண்டி அளவு மீறிய முட்டு வாங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்போதும் யார் அவ்வளவு பாரம் ஏற்றச் சொன்னது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆனால் ஸ்டட் பழசு என்று பொய் சொல்லக் கூடாது. ஒரு தடவை பொய் சொன்னால் அடுத்த தோழரின் உண்மையும் எடுபடாது.

இனிப் புதியதைப் போடுவது. ஒன்று ஒடிந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். அந்த முகத்திலுள்ள எல்லாவற்றையும் மாற்றுங்கள். கூட நின்றவையும் அதே உதறலைத்தான் வாங்கியிருக்கின்றன. செலவைச் சொல்லி முணுமுணுப்பார்கள். ஒரு கூட்டின் விலையையும் ஒரு கட்டு ஸ்டட்டின் விலையையும் கடைச்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

மரையில்தான் ஏமாற்றம் அதிகம். அரை அங்குல போல்ட் என்று கடையில் கேட்டால் நாலு விதம் வரும். பழைய விட்வொர்த் மரையில் அங்குலத்துக்கு 12 சுற்று, யூ.என்.சி. என்பதில் 13, பி.எஸ்.எப். 16, யூ.என்.எப். 20. பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு மூன்று சுற்று ஏறி, பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று நினைத்துப் பலமாகத் திருப்பினால் வார்ப்பிரும்பு மரை மாவாகிவிடும். 12 மில்லிமீட்டர் போல்ட்டும் அரை அங்குலமும் ஒன்றென்று சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். மரை அளவுச் சீப்பு ஒன்று சங்கத்தில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால், கழற்றிய நல்ல ஸ்டட்டின் மரையைப் புதியதன் மரையோடு பல்லுக்குப் பல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓர் அங்குல நீளத்துக்கு இடைவெளி தெரியாமல் பொருந்த வேண்டும். பல ஸ்டட்களில் வார்ப்புக்குள் போகும் முனையில் பெருமரையும் நட்டு ஏறும் முனையில் நுண்மரையும் இருக்கும். வார்ப்பிரும்பு நொறுங்கும் சாதி, ஆகவே அதற்குத் தடித்த பல். தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள்.

தலையிலுள்ள குறியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அங்குல போல்ட்டில் மூன்று கோடு என்றால் 5-ம் தரம்; ஆறு கோடு என்றால் 8-ம் தரம். மில்லிமீட்டர் போல்ட்டில் 8.8, 10.9 என்று எண்ணே இருக்கும். 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுப்பைத் தாங்கித்தான் அறும். கதவு, கிராதிக்குப் போடும் 4.6 அதில் பாதியில் அறுந்துவிடும். கம்பெனி எந்தத் தரம் போட்டதோ அந்தத் தரம், குறைக்கக் கூடாது.

துளைகளைச் சுத்தம் செய்வதில் சோம்பல் கூடாது. அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருக்கும்போது ஸ்டட்டை முடுக்கினால், எண்ணெய் ஒதுங்க இடமில்லாமல் வார்ப்பையே வெடிக்கச் செய்யும். டாப்பு விட்டு மரையைச் சுத்தம் செய்து, துணித்திரி விட்டு ஒற்றி எடுங்கள். எண்ணெய்க்குள் திறக்கும் துளையானால் மரையில் எண்ணெய் கசியாத பூச்சு வேண்டும். வார்ப்பிரும்புக்குள் ஸ்டட் அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழமாவது இறங்க வேண்டும்; அரை அங்குல ஸ்டட் என்றால் முக்கால் அங்குலம். முகங்களில் பழைய காஸ்கெட் துணுக்கோ தூக்கிய இரும்போ ஒட்டியிருக்கக் கூடாது. இரு கூட்டையும் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின்கள் இருக்கும். அவை தேய்ந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

சேர்க்கும்போது கடைசி அரை அங்குலம் ஒட்டாமல் நிற்கும். கிளட்ச் தண்டின் பல் உட்காரவில்லை என்று அர்த்தம். போல்ட்டைப் போட்டு இழுத்து ஒட்டவைக்கும் ஆசை அப்போது எல்லோருக்கும் வரும். கூட்டின் காது ஒடிவது அங்கேதான். இஞ்சினை மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். பல் உட்கார்ந்தால் தானாகவே சேரும்.

முடுக்குவதற்கு எவ்வளவு பலம்? வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ள அளவே சட்டம். ஒரு மதிப்புக்குச் சொன்னால், 5-ம் தரத்து அரை அங்குலப் பெருமரைக்குச் சுமார் 75 அடி-ராத்தல், அதாவது இரண்டடிக் கைப்பிடியின் முனையில் 17 கிலோ அழுத்தம். எண்ணெய் பட்ட மரைக்கு இன்னும் குறைவு. நாலடிக் குழாயை ஸ்பானரில் செருகி 60 கிலோ ஆள் ஏறி நின்றால் என்ன கணக்கு? ஏழு மடங்கு. புது ஸ்டட் அன்றைக்கே செத்துவிடும். அங்கேயே ஒடியாமல் தப்பினாலும் பின்னால் ஒடியும், வேறு யாரோ ஓட்டும்போது. ஆகவே டார்க் ஸ்பானர் வேண்டும். எல்லோரும் தனித்தனியே வாங்க முடியாது. சங்கத்துக்கு ஒன்று இருந்தால் பத்து ஊருக்குப் போதும். எதிரெதிராக, மூன்று தவணையாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கி மறுபக்கம் போனால் முகம் கோணும்.

முதல் பத்து மணி நேர உழவுக்குப் பிறகு அதே ஸ்பானரால் மறுபடி ஒரு சுற்று பாருங்கள். எந்தத் தேதியில், எந்த முகத்தில், எத்தனை ஸ்டட், என்ன தரம், எவ்வளவு முடுக்கு என்பதை ஒரு நோட்டில் எழுதி, வண்டிக்காரரிடமோ கணக்கப்பிள்ளையிடமோ கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், கூட இருந்த இருவர் பெயரை எழுதி வையுங்கள். பழைய ஸ்டட்களை டப்பாவில் போட்டு, அதே தேதியை மேலே எழுதிச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பிட்டர் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.